நாலு மீட்டருக்குள் ஒரு டிக்கி

அம்பாசிடரைத் திட்டியவர்களும் புகழ்ந்தவர்களும் பெரும்பாலும் ஒரே ஆட்கள்தான். இரண்டிலும் நியாயம் உண்டு. மோரிஸ் ஆக்ஸ்போர்டு என்ற பிரிட்டிஷ் காரின் அச்சை வாங்கி, 1957இல் வங்காளத்தின் உத்தர்பாராவில் செய்யத் தொடங்கிய வண்டி அது. 2014இல் தொழிற்சாலையை மூடும்வரை அதன் உருண்டை முதுகு மாறவே இல்லை. நடுவில் முன்பக்க கிரில்லை மாற்றினார்கள், மார்க் 2, மார்க் 3 என்று பெயர் வைத்தார்கள், 90களில் இசுசு எஞ்சினைப் பொருத்தினார்கள். தகரம் அதே தகரம்தான்.

மாற்ற வேண்டிய அவசியம் யாருக்கும் இருக்கவில்லை. எத்தனை கார் செய்யலாம் என்பதை அரசாங்கத்தின் உரிமம் தீர்மானித்தது. அம்பாசிடரைச் செய்த கல்கத்தா கம்பெனி, பம்பாயில் ஃபியட்டைச் செய்த பிரீமியர், மெட்ராஸில் ஸ்டாண்டர்டு. சொந்தக் கார் என்றால் இந்த மூன்றுதான். நாடு முழுவதும் ஆண்டுக்கு ஐம்பதாயிரம் கார்கூடத் தயாராகாத காலம். பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்கிறவனிடம் போய் அழகைப் பற்றி யார் பேசுவார்கள்? கிடைத்ததே யோகம்.

ஆனாலும் அந்த வண்டி நம் வீட்டுக்கு ஏற்றதாக இருந்தது. முன் சீட் ஒரே பெஞ்சு. கியர் ஸ்டீயரிங்குக்குக் கீழே இருந்ததால் டிரைவரோடு இன்னும் இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம். பின்னால் நாலு பேர். மடியில் இருக்கும் குழந்தைகளை யாரும் எண்ண மாட்டார்கள். டிக்கியில் கல்யாணச் சீர் ஏறும், மிச்சம் கூரைமேல் கேரியரில். கதவோரத்து முக்கோணக் கண்ணாடியைத் திருப்பிவிட்டால் காற்று நேராக முகத்தில் அடிக்கும். இன்று ஏசியைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே போகிறவர்களுக்கு அந்தச் சின்னக் கண்ணாடியின் அருமை தெரியாது.

மெட்ராஸ்காரர்கள் மறந்துவிட்ட ஒன்றையும் சொல்லியாக வேண்டும். வண்டலூர் பக்கம் பெருங்களத்தூரில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு இங்கிலாந்தில் இரண்டு கதவு வண்டி. அங்கே பின் சீட்டில் எப்போதாவது ஆள் ஏறினால் உண்டு. இங்கே பின் சீட்டில்தான் குடும்பமே இருக்கிறது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு பாட்டி எப்படி ஏறுவார்? அதனால் நம்மூருக்கென்றே அதற்கு நாலு கதவு வைத்தார்கள். அந்தக் காலத்தில் ஆளைப் பார்த்துக் காரை மாற்றியதற்கு என் கண்ணில் படும் நல்ல உதாரணம் இது.

காரை வைத்திருப்பதன் கணக்கும் அன்று வேறு. டாக்டர், மில் முதலாளி, மிராசுதார் என்று ஊருக்குச் சில வீடுகளில்தான் கார். வாங்கினால் இருபது, இருபத்தைந்து வருஷம் நிற்கும். சாலை வரியை மூன்று மாதத்துக்கோ ஒரு வருஷத்துக்கோ கட்டி, அதற்கான டோக்கனை முன் கண்ணாடியில் ஒட்டியிருப்பார்கள். தேதி தாண்டியிருந்தால் போலீஸ்காரர் கண்ணில் முதலில் படுவது அதுதான். தொல்லைதான், ஆனால் வலிக்காமல் கறந்த வரி.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. ஐம்பதாயிரம் ரூபாயை ஒட்டிய விலை, 796 சிசி எஞ்சின். சொந்தக்காரரே ஓட்டத் தொடங்கினார், டிரைவர் வைத்துக்கொள்ளும் வழக்கம் மெல்லத் தேய்ந்தது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் சான்ட்ரோ வந்தது. தலைப்பாகை கட்டியவர்போல் உயர்ந்த அதன் கூரையைப் பார்த்துச் சிரித்தவர்களே பிறகு வரிசையில் நின்று வாங்கினார்கள்.

என் கருத்தில் உண்மையான திருப்பம் வந்தது 2006 பட்ஜெட்டில்தான். நிதியமைச்சர் ப. சிதம்பரம் சிறிய காருக்கான உற்பத்தி வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைத்தார். சிறிய கார் என்றால் எது? நீளம் 4000 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. பெட்ரோல் எஞ்சின் 1200 சிசிக்குள், டீசல் 1500 சிசிக்குள். அன்றிலிருந்து இந்தியக் காரை வரைகிற பென்சிலில் பாதி டெல்லியின் கையில்.

மாருதி டிசையரைப் பாருங்கள். 2008இல் வந்தபோது அதன் நீளம் 4160 மி.மீ. ஸ்விஃப்ட் காருக்குப் பின்னால் ஒரு டிக்கியை ஒட்டிய வண்டி. 2012இல் வந்த அடுத்த டிசையர் 3995. குறைந்தது 165 மி.மீ., ஒரு சாண்கூட இல்லை. ஆனால் அந்த அளவை முன்பக்கத்தில் வெட்ட முடியாது, ஆள் உட்காரும் இடத்திலும் வெட்ட முடியாது. வெட்டு முழுக்க டிக்கியின் மேல் விழுந்தது. 440 லிட்டர் கொள்ளளவு 316 ஆனது. பக்கவாட்டில் நின்று பார்த்தால், ஓடி வந்து சுவரில் மோதி நின்றதுபோல் பின்பாகம் சட்டென்று முடிந்துவிடும். எந்த ஓவியனும் தானாக அப்படி வரையமாட்டான். வாங்கினவர்களோ குறை சொல்லவில்லை, வண்டி அமோகமாக ஓடியது. டாடா இண்டிகோ சிஎஸ், ஹோண்டா அமேஸ், ஹூண்டாய் எக்ஸென்ட் என்று இந்த வெட்டுண்ட வால் ஒரு தனி ஜாதியாகவே பெருகியது.

எஞ்சினிலும் அதே கதை. 1197, 1199 என்று 1200இன் வாசற்படியில் வந்து நிற்கிற எண்கள். சக்தி போதவில்லையா? 998 சிசியில் டர்போ வைத்தார்கள். 2017இல் ஜிஎஸ்டி வந்த பிறகு சிறிய பெட்ரோல் காருக்குச் செஸ்ஸோடு 29 சதவீதம், பெரிய எஸ்யூவிக்கு 50 சதவீதம். அப்போது எஸ்யூவி எது என்று சண்டை. நீளம் நாலு மீட்டருக்கு மேல், எஞ்சின் 1500 சிசிக்கு மேல், தரையிலிருந்து வயிறு 170 மி.மீ. உயரம் என்று விதித்தார்கள். அந்த 170ஐ ஆள் ஏறாத வெற்று வண்டியில் அளக்க வேண்டும் என்று 2023இல் கவுன்சில் கூடி விளக்கம் வேறு சொன்னது.

இவ்வளவு வரி போட்டும் ஜீப் தோற்றத்தின் மேல் இருந்த மோகம் குறையவில்லை. 2024-25இல் விற்ற சுமார் 43 லட்சம் பயணிகள் வாகனங்களில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு இந்த உயரமான ரகம்தான். நீளத்துக்குத்தானே வரம்பு? பானெட்டை உயர்த்தினார்கள், சக்கரத்தைப் பெரிதாக்கினார்கள். நம் தெருக்களின் அகலத்தை நினைத்தால் நாலு மீட்டர் வரம்பு நல்ல காரியம் என்றே சொல்வேன். மயிலாப்பூர் மாட வீதியில் ஐந்து மீட்டர் கார்கள் எதிரெதிரே வருவதைக் கற்பனை செய்து பாருங்கள். ஆனால் எடையைப் பார்க்காமல் டேப்பை மட்டும் பார்க்கிற வரி அரைகுறை வரி. சாலையைத் தேய்ப்பதும், மோதினால் ஆளைக் கொல்வதும் எடைதானே.

மாநிலத்தின் பங்குக்கு வருவோம். டோக்கன் போய் ஆயுட்கால வரி வந்தது. வண்டி எடுக்கும்போதே மொத்தமாக வைத்துவிட வேண்டும். தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் ஐந்து லட்சம் வரை 12 சதவீதம், பத்து லட்சம் வரை 13, இருபது லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. விலை பத்து லட்சக் கோட்டைக் கொஞ்சம் தாண்டினால் வரி ஏறக்குறைய ஐம்பதாயிரம் எகிறும். அதனால்தான் ஷோரூமில் விற்பனைப் பையன் சன்ரூஃப் இல்லாத மாடலைக் காட்டி, “இதுவே போதும் சார், ஆன்ரோடு கணக்குப் போட்டுப் பாருங்க” என்கிறான். அவன் சொல்வது சரிதான்.

ஆயுட்கால வரி கட்டியவர் பரனூரில் சுங்கமும் கட்டுகிறார்; அவர் போட்ட பெட்ரோலில் சாலைக்கான செஸ்ஸும் சேர்ந்திருக்கிறது. ஒரே தாருக்கு மூன்று முறை காசு. 2025 ஆகஸ்ட் 15இல் 3000 ரூபாய்க்கு 200 பயணம் என்று சுங்கத்துக்குப் பாஸ் கொண்டுவந்தது அடிக்கடி ஊருக்குப் போகிறவர்களுக்கு உதவும். எப்போதோ போகிறவருக்கு அதனால் ஒன்றும் இல்லை.

2025 செப்டம்பரில் ஜிஎஸ்டியைத் திருத்தியபோது நாலு மீட்டர் விதி போய்விடும் என்று சிலர் எதிர்பார்த்தார்கள். போகவில்லை. சிறிய காருக்கு 18, மற்றதற்கு 40. மின் காருக்கு மட்டும் எந்த நீளமானாலும் 5 சதவீதம். டேப் இல்லாமல் வரையச் சொன்னதும் மஹிந்திரா 4.7 மீட்டரைத் தாண்டிய எக்ஸ்இவி 9இ-யை வரைந்துவிட்டது. அடியில் பேட்டரி என்பதால் எடையும் கூடுதல். அது பெட்ரோல் போடாது, ஆகவே செஸ்ஸும் கிடையாது. தமிழ்நாடு சாலை வரியிலும் விலக்குக் கொடுத்தது. இந்தச் சலுகை நெடுநாள் நீடிக்காது என்பது என் கணிப்பு. நியூசிலாந்து 2024 ஏப்ரல் முதல் மின் கார்களிடம் 1000 கிலோமீட்டருக்கு 76 டாலர் வாங்குகிறது. டீசல் வண்டிக்கும் அங்கே இதே மாதிரி கிலோமீட்டர் கணக்குத்தான். நீளத்தை அளப்பதைவிட இது நேர்மையான வரி. ஓடுகிறவன் கட்டட்டும், அதோடு கனமான வண்டி கொஞ்சம் கூடுதலாகக் கட்டட்டும்.