நெல் வண்டியை இழுப்பது இன்ஜின், நிறுத்துவது பிரேக்

தை பிறந்து சம்பா அறுவடை தொடங்கிவிட்டால் திருக்கடையூர் வட்டாரத்தில் டிராக்டர்களுக்கு ஓய்வு கிடையாது. அறுவடை இயந்திரம் வயலிலேயே நெல்லை டிரெய்லரில் கொட்டிவிடும். அங்கிருந்து களத்துக்கும், களத்திலிருந்து நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கும் பயணம். பகலில் முடியாவிட்டால் இரவிலும் ஓட்டம்தான்.

இந்த வேலையைச் செய்வது பெரும்பாலும் புது டிராக்டர் அல்ல. பதினைந்து, இருபது வருடம் உழுத பழைய டீசல் டிராக்டர். கடனை அடைத்து முடித்த வண்டி. சொந்த நெல்லை ஏற்றிய பிறகு பக்கத்து வயல்காரருக்கும் வாடகைக்குப் போய் நாலு காசு தரும் வண்டி. அதனால்தான் "பழைய வண்டி நாலு டன் இழுக்குமா?" என்று பலரும் கேட்கிறார்கள்.

இழுக்கும். இன்ஜின் நல்ல நிலையில் இருந்தால் டெல்டாவின் சமதள ரோட்டில் தாராளமாக இழுக்கும். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி அது அல்ல. அந்தப் பாரத்தோடு வண்டி நிற்குமா என்பதுதான் கேள்வி.

ஏற்றிய பாரம் எவ்வளவு?

உதிரி நெல்லை எடைபோடாமலே ஏற்றுகிறோம். ஆனாலும் எடையைத் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. ஒரு கன அடி நெல் சுமார் 16 கிலோ. டிரெய்லரின் நீளம், அகலம், நெல் நிற்கும் உயரம் மூன்றையும் அடிக்கணக்கில் பெருக்கி, 16-ஆல் பெருக்கினால் எடை கிடைத்துவிடும்.

10 அடி நீளம், 6 அடி அகலம் உள்ள பெட்டியில் 2 அடி உயரத்துக்கு நெல் இருந்தால் 1,920 கிலோ. பலகை வைத்து உயர்த்தி 4 அடிக்கு ஏற்றினால் 3,840 கிலோ. வெறும் டிரெய்லரே ஒரு டன்னுக்கு மேல் இருக்கும். ஆக, பின்னால் வருவது 5 டன். முன்னால் இழுக்கும் 40 எச்.பி. டிராக்டரின் எடையோ சுமார் 2 டன்தான்.

ஈரப்பதத்தையும் மறக்கக் கூடாது. 17 சதவிகித ஈரத்தில் 4 டன் இருக்கும் நெல், 22 சதவிகித ஈரத்தில் அறுக்கும்போது 4¼ டன் இருக்கும். கால் டன் தண்ணீரையும் சேர்த்தே வண்டி சுமக்கிறது.

பிரேக் இரண்டு சக்கரத்தில் மட்டும்

நம் பக்கத்து டிராக்டர்களில் பிரேக் பிடிப்பது பின்சக்கரம் இரண்டில்தான். டிரெய்லருக்குப் பெரும்பாலும் பிரேக்கே இருக்காது. 7 டன் பாரத்தை இரண்டு டயர்கள்தான் தடுத்து நிறுத்த வேண்டும்.

தோராயமாகக் கணக்கிட்டால், காய்ந்த தார் ரோட்டில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் வரும் இந்த வண்டி, ஆபத்தைக் கண்ட நொடியிலிருந்து நிற்பதற்குள் 50 அடி ஓடிவிடும். 30 கிலோமீட்டர் வேகம் என்றால் 100 அடிக்கு மேல். வேகம் பாதி கூடினால் நிற்கும் தூரம் இரட்டிப்பாகிறது. குறுவை அறுவடை நேரத்தில் ஐப்பசி மழையும் சேர்ந்து, டயர் சேற்றை ரோட்டில் கொண்டுவந்து போட்டிருந்தால் இன்னும் அதிகம்.

ஆஸ்திரேலியாவிலும் பிரிட்டனிலும் கார், பிக்கப் வண்டிகளின் பின்னால் இழுக்கும் டிரெய்லர் 750 கிலோவுக்கு மேல் போனால் அதற்குத் தனியாக பிரேக் இருக்க வேண்டும் என்பது சட்டம். பின்னால் வரும் பாரம் முன்னால் உள்ள வண்டியைத் தள்ளும் என்பதே காரணம். திடீரென்று பிரேக் போட்டால் டிரெய்லர் நேராக நிற்காமல், கொக்கி இருக்கும் இடத்தில் மடங்கி, டிராக்டரைப் பக்கவாட்டில் திருப்பிவிடும். வளைவில் பிரேக் போட்டால் இது இன்னும் சுலபமாக நடக்கும்.

டிராக்டரில் இடது, வலது என்று இரண்டு பிரேக் மிதிகள் இருப்பது வயலில் சட்டென்று திரும்புவதற்காக. ரோட்டுக்கு வருமுன் இரண்டையும் இணைக்கும் தாழ்ப்பாளைப் போட்டுவிட வேண்டும். உழவு முடிந்து அப்படியே டிரெய்லரை மாட்டிக் கிளம்பும் அவசரத்தில் மறந்துபோவது இதுதான். ஒற்றை மிதியில் கால் பட்டால் ஒரு சக்கரம் மட்டும் பிடித்து, வண்டி அந்தப் பக்கம் இழுத்துக் கவிழும். இணைத்த பிறகும் இரண்டு பக்கமும் ஒரே அளவு பிடிக்கிறதா என்று வெறும் வண்டியில் மெதுவாக ஓட்டிப் பார்த்துவிட்டுப் பாரம் ஏற்றுவது நல்லது.

ஏற்றம், இறக்கம், கொக்கி

டெல்டாவில் மலை இல்லை. ஆனால் கரை இருக்கிறது. வயலிலிருந்து ரோட்டுக்கு ஏறும் இடம், வாய்க்கால் மதகு, மஞ்சளாறு, மகிமலையாறு போன்ற ஆறுகளின் பாலங்கள் எல்லாமே பாரவண்டிக்கு மேடுதான்.

ஏறும்போது முன்சக்கரம் தூக்கும். கொக்கியை எங்கே மாட்டுகிறோம் என்பது இங்கே உயிர்ப் பிரச்சினை. டிராக்டரின் கீழே உள்ள டிராபாரில் அல்லது அதற்கென்று உள்ள கொக்கியில்தான் மாட்ட வேண்டும். உயரமாக இருக்கிறதே என்று டாப் லிங்க் மாட்டும் இடத்தில் சங்கிலி கட்டி இழுத்தால், டிராக்டர் பின்பக்கமாகக் குப்புறக் கவிழும்.

இரண்டு சக்கர டிரெய்லரில் பாரத்தைப் பரப்பும் விதமும் முக்கியம். எல்லாவற்றையும் பின்னால் குவித்தால் கொக்கி மேலே தூக்கும். டிராக்டரின் பின்சக்கரம் பிடிப்பு இல்லாமல் சுழலும். ரோட்டில் டிரெய்லர் வாலை ஆட்டும். முழுவதையும் முன்னால் குவித்தால் முன்சக்கரம் தூக்கி ஸ்டியரிங் கேட்காது. அச்சுக்கு முன்னால் சற்று அதிகம் இருக்கும்படி பரப்புவதே சரி.

இறங்கும்போது, அந்த மேட்டில் எந்த கியரில் ஏற வேண்டியிருக்குமோ அதே கியரில் இறங்க வேண்டும். இன்ஜினே பாதி பிரேக் வேலையைச் செய்யும். கொக்கிக்கு உரிய ஊசியைப் பூட்டுக் கம்பியோடு போட வேண்டும். கையில் கிடைத்த இரும்புக் கம்பியைச் செருகக் கூடாது. ஊசி ஒடிந்தாலும் டிரெய்லர் ஓடிவிடாதபடி ஒரு பாதுகாப்புச் சங்கிலியும் தேவை.

பழைய இன்ஜின் சொல்லும் சேதி

அறுவடைக் காலத்தில் வைக்கோல் தூசியும் பதரும் ரேடியேட்டர் முகப்பில் அடைத்துக்கொள்ளும். காற்று போகாமல் இன்ஜின் கொதிக்கும். தினமும் காலையில் துலக்கிவிட வேண்டும். பழைய டிராக்டர்களில் ஏர் கிளீனர் எண்ணெய்க் கிண்ண வகை. தூசி படிந்து எண்ணெய் கெட்டியாகியிருந்தால் மாற்ற வேண்டும். விசிறி பெல்ட்டை விரலால் அழுத்தினால் அரை அங்குலம்போல் அமுங்கினால் போதும்.

பாரத்தில் கரும்புகை தொடர்ந்து வந்தால் காற்று போதவில்லை அல்லது பாரம் அதிகம். நீலப்புகை என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது. இன்ஜின் சத்தம் ஏறியும் வண்டி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. கிளட்ச் மிதியில் காலை வைத்துக்கொண்டே ஓட்டும் பழக்கம் இதைச் சீக்கிரம் கொண்டுவந்துவிடும்.

ரோட்டோரம் நிற்கும் வண்டி

கொள்முதல் நிலையத்தில் வரிசை நீளும்போது நெல் வண்டிகள் இரவெல்லாம் ரோட்டோரம் நிற்கின்றன. திருக்கடையூர் ரோடு சாதாரண ரோடு அல்ல. அபிராமி அம்மன் கோயிலில் அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் செய்துகொள்ள வெளியூர்களிலிருந்து விடியுமுன்பே வேன்களும் கார்களும் வருகின்றன. தை மாதப் பனியில், விளக்கில்லாமல் நிற்கும் டிரெய்லர் பக்கத்தில் வந்த பிறகே கண்ணில் படும். உள்ளூர்ப் பிள்ளைகளின் மோட்டார் சைக்கிளுக்கும் அதே ஆபத்துதான்.

டிரெய்லரின் பின்பக்கம் முழு அகலத்துக்கும் சிவப்பு ஒளிரும் பட்டை ஒட்ட வேண்டும். படுதாவோ தொங்கும் சாக்கோ அதை மறைக்கக் கூடாது. முடிந்தவரை தார் ரோட்டை விட்டு இறக்கி நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுக்க வேண்டும். நெல்லின் மேல் ஆட்களை உட்கார வைத்து வரவே கூடாது. டிரெய்லருக்கும் தனிப் பதிவு, காப்பீடு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். டிராக்டரின் காப்பீடு மட்டும் போதும் என்று இருந்துவிட முடியாது.

இரண்டு நடையா, ஒரு நடையா?

ஐந்து கிலோமீட்டர் தூரத்தில் உள்ள கொள்முதல் நிலையத்துக்கு இன்னொரு நடை போய்வர இரண்டு மூன்று லிட்டர் டீசல் ஆகும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தின்படி அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய். கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேற்கொண்டு 2,000 ரூபாய். விபத்து நடந்துவிட்டால் அந்தக் கணக்கை எந்த அறுவடையும் ஈடுகட்டாது.

வாசகர்கள் அடிக்கடி கேட்பவை

*கேள்வி: பாரம் ஏற்றினால் முன்சக்கரம் லேசாகிறது. முன்னால் எடை கட்டலாமா?*

பதில்: டிராக்டர் நிறுவனம் தரும் முன்பக்க எடைகளை மாட்டலாம். கல்லோ மூட்டையோ கட்டக் கூடாது. முதலில் டிரெய்லரில் பாரம் முன்னால் அதிகமாகக் குவிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எடை மாட்டியும் தூக்கினால் பாரத்தைக் குறைப்பதுதான் வழி.

*கேள்வி: பாலத்து இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சமாகுமே?*

பதில்: மிச்சமாவது சில சொட்டுகள். 7 டன் பாரம் தானாக ஓடத் தொடங்கினால் மறுபடி கியர் விழாது, பிரேக்கும் தாங்காது. இறக்கத்தில் கிளட்ச்சையும் மிதிக்கக் கூடாது.

நாலு மாதம் கண்விழித்துக் காத்த நெல் அது. கடைசி ஐந்து கிலோமீட்டரை நிதானமாகக் கடந்தால் நெல்லும் நிலையம் சேரும். ஓட்டிப் போனவரும் வீடு சேர்வார்.