தேடாமல் அகப்படும் வியாதி

சோழவரத்திலிருந்து கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைக்குப் போய்வரும் ஒருவர், தேகத்தில் யாதொரு குறையுமில்லாதவர், முழு உடல் பரிசோதனை விளம்பரத்தைக் கண்டு சென்னையில் மூளைக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ரிப்போர்ட்டில் ரத்தக் குழாயொன்றில் சிறு வீக்கம் என்று கண்டிருக்கிறது. காலையில் ஆரோக்கியவானாகப் புறப்பட்டவர் இரவில் நோயாளியாக வீடு திரும்புகிறார். மனைவியின் தாலிச் சங்கிலி அடகுக்குப் போக வேண்டுமா என்பதே அன்றிரவு அவ்வீட்டில் விவாதம்.

இது அபூர்வ சம்பவமன்று. ஹாலந்து தேசத்து ரோட்டர்டாம் நகரில், சராசரி 63 வயதுள்ள 2,000 பேரின் மூளைகளைப் படம் பிடித்து, 2007இல் முடிவை வெளியிட்டார்கள். நூற்றுக்கு 7.2 பேருக்கு, ரத்தவோட்டம் தடைப்பட்டு மூளையின் சிறு பாகம் மடிந்திருந்ததை அவர்களே அறியார். 1.8 பேருக்குக் குழாய் வீக்கம், 1.6 பேருக்குத் தீங்கற்ற கட்டி.

வீக்கம் என்றவுடன் வெடிக்கும் என்றே ஜனங்கள் எண்ணுகிறார்கள். 2003இல் வெளியான சர்வதேச ஆராய்ச்சி வேறு விதமாகக் கூறுகிறது. முன்னர் ரத்தக் கசிவு கண்டிராதவர்களுக்கு, மூளையின் முன்புறக் குழாய்களில் 7 மில்லிமீட்டருக்குக் குறைவாயிருந்த வீக்கங்களில், ஐந்தாண்டுகளில் ஒன்றேனும் வெடிக்கவில்லை. கபாலத்தைத் திறந்து சிகிச்சை செய்துகொண்டவர்களிலோ, ஓராண்டுக்குள் மரணமோ ஊனமோ அடைந்தவர்கள் நூற்றுக்குப் பத்துக்கு மேல்! பெரிய வீக்கங்களும் பின்புறத்தில் உள்ளவையும் வேறு விஷயம். அவற்றை அலட்சியம் செய்யலாகாது.

படத்தை அவசரமாகப் படிப்பதன் தீங்கை நம் மாகாணமே அறியும். வலிப்பு கண்டவர்களின் மூளையில் ஸ்கேன் காட்டிய சிறு புள்ளியை க்ஷயக் கட்டியென்று கருதி, மாதக் கணக்கில் க்ஷய மருந்து கொடுத்துவந்த காலம் ஒன்றிருந்தது. அப்புள்ளிகளில் பெரும்பாலானவை நாடாப்புழுவின் இளம் பருவத்தால் உண்டானவை என்று 1989இல் வேலூர் கிறிஸ்துவ வைத்தியக் கல்லூரி நிபுணர்கள் திசுவைச் சோதித்து நிரூபித்தார்கள். பல புள்ளிகள் தாமாகவே மறைவன. அவர்களாவது வலிப்பு கண்ட நோயாளிகள். நம் சோழவரத்து மனிதருக்கு அதுவுமில்லை.

சட்டத்தையும் சிறிது கவனிப்போம். பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதம் சிகிச்சைக்குக் கொடுத்த சம்மதமாகாது என்று 2008இல் சுப்ரீம் கோர்ட்டு தெளிவாகத் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகையால் கத்தியை மறுக்க அவருக்குப் பூரண உரிமையுண்டு. ஆனால், அறிந்ததை அறியாததாக்க எந்தக் கோர்ட்டாலும் முடியாது. நாளை ஆயுள் இன்ஷூரன்ஸ் விண்ணப்பத்தில் அவ்வீக்கத்தைச் சொல்லியாக வேண்டும். மறைத்தால், குடும்பத்துக்கு வரவேண்டிய தொகைக்கே மோசம் வரலாம். இதை விளம்பரக்காரர்கள் சொல்வதுண்டோ?

நாம் கேட்பது அதிகமன்று. வியாதியின் குறியே இல்லாதவருக்குப் படம் எடுக்குமுன், என்னென்ன அகப்படக்கூடும், அகப்பட்டால் எந்த வைத்தியர் விளக்குவார், மறு ஸ்கேனுக்கு என்ன செலவாகும் என்பவற்றைத் தமிழில் அச்சிட்டுக் கொடுக்க வேண்டும். கையெழுத்து அதன் பிறகு வாங்கட்டும்.