முதல் ஆட்டத்தில் தோல்வி... ஆனாலும் உலக சாம்பியன்! குகேஷ் கற்றுத்தரும் மனப்பாடம்

கணக்குப் பரீட்சை முடிந்து வீட்டுக்கு வருகிறான் மகன். முகம் வாடியிருக்கிறது. "ரெண்டு அஞ்சு மார்க் கேள்வி போச்சும்மா" என்கிறான். இயற்பியல் தேர்வுக்கு இன்னும் மூன்றே நாள்கள். ஆனால், புத்தகத்தைத் திறந்தாலே அந்தக் கணக்குக் கேள்விகள்தான் கண்முன் வந்து நிற்கின்றன. முடிந்துபோன பரீட்சை, வரப்போகும் பரீட்சையையும் சேர்த்துக் கெடுக்கிறது.

உங்கள் வீட்டிலும் இப்படி நடக்கிறதா? அப்படியென்றால் நம் சென்னைப் பிள்ளை குகேஷின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

2024 நவம்பர் 25. சிங்கப்பூரில் உலக செஸ் சாம்பியன்ஷிப்பின் முதல் ஆட்டம். 18 வயது குகேஷுக்கு வெள்ளைக் காய்கள். எதிரே நடப்பு சாம்பியன், சீனாவின் டிங் லிரென். பல மாதங்கள் தயாராகி வந்த குகேஷ், அந்த முதல் ஆட்டத்திலேயே தோற்றார்.

ஆட்டம் முடிந்து அறைக்குத் திரும்பும்போது லிஃப்டில் விஸ்வநாதன் ஆனந்தைச் சந்தித்திருக்கிறார். தனக்கு 11 ஆட்டங்கள்தான் மிச்சமிருந்தன, உனக்கோ 13 இருக்கின்றன என்று ஆனந்த் நினைவூட்டியதாகக் குகேஷே பிறகு சொன்னார். 2010-ல் சோஃபியாவில் டோபலோவிடம் முதல் ஆட்டத்தில் தோற்று, 12 ஆட்டங்கள் கொண்ட அந்தப் போட்டியில் பட்டத்தைத் தக்கவைத்தவர் ஆனந்த். 'ஏன் தோற்றாய்?' என்று அவர் கேட்கவில்லை. இனி என்ன மிச்சம் இருக்கிறது என்பதை மட்டும் காட்டினார்.

மூன்றாவது ஆட்டத்தில் குகேஷ் ஜெயித்தார். 11-வது ஆட்டத்தில் வென்று முன்னிலைக்கும் வந்தார். மறுநாளே 12-வது ஆட்டத்தில் மீண்டும் தோல்வி. கணக்கு 6-6. மிச்சம் இரண்டே ஆட்டங்கள். யாருக்கும் மனம் உடைந்துபோகும் நேரம் அது.

மனசுக்கும் பயிற்சி உண்டு

இந்தப் போட்டிக்காகக் குகேஷ் காய் நகர்த்தலை மட்டும் பழகவில்லை. 2011-ல் உலகக் கோப்பை வென்ற இந்திய கிரிக்கெட் அணியுடன் பணியாற்றிய மனப் பயிற்சியாளர் பேடி அப்டன் அவருக்கும் துணையாக இருந்தார். ஆட்டம் தொடங்கும் முன் பலகையின் முன்னால் கண்களை மூடி அமைதியாக உட்கார்ந்திருப்பது குகேஷின் வழக்கம்.

சிறு வயதிலும் அப்படித்தான். சுமார் 2,500 ரேட்டிங் புள்ளிகளை எட்டும்வரை, செஸ் கணினி மென்பொருளின் உதவியில்லாமல் சொந்தமாக யோசித்தே பயிற்சி எடுத்தார். விடையைத் தட்டிப் பார்க்காமல் ஒரே சிக்கலோடு நெடுநேரம் உட்காரும் பொறுமை அப்படித்தான் வரும்.

வீட்டில் என்ன செய்யலாம்?

• பரீட்சை முடிந்து வந்தால், நடந்ததைப் பேசப் பத்து நிமிடம் கொடுங்கள். பிறகு கேள்வித்தாளை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள்.

• படிக்க உட்காரும் முன் ஒரு நிமிடம் கண்களை மூடி, மூச்சை மெதுவாக இழுத்து விடச் சொல்லுங்கள்.

• அரை மணி நேரம் ஒரே பாடம். அதுவரை போன் அடுத்த அறையில் இருக்கட்டும். அப்பா, அம்மாவின் போனும்தான்!

• கவனம் சிதறினால் பதற வேண்டாம். எல்லோருக்கும் சிதறும். விட்ட வரிக்குத் திரும்பி வந்தால் போதும்.

• தேர்வுக்கு முந்தைய இரவு தூக்கத்தைத் தியாகம் செய்ய வேண்டாம். படித்தது நினைவில் நிற்கத் தூக்கமும் தேவை.

• "எத்தனை மார்க் வரும்?" என்பதற்குப் பதில் "அடுத்து என்ன படிக்கணும்?" என்று கேளுங்கள்.

டிசம்பர் 12

13-வது ஆட்டம் டிரா. கடைசி ஆட்டத்தில் குகேஷுக்குக் கறுப்புக் காய்கள். டிராவில்தான் முடியும் என்று பலரும் நினைத்த நிலையிலும், கூடுதலாக இருந்த ஒரு சிப்பாயை வைத்து அவர் விடாமல் ஆடினார். 55-வது நகர்த்தலில் டிங் தவறு செய்தார். குகேஷ் அதைக் கவனித்தார். அவசரப்படவில்லை. தண்ணீர் குடித்து, தன்னை நிதானப்படுத்திக்கொண்டு காயை நகர்த்தினார். சில நகர்த்தல்களில் டிங் தோல்வியை ஒப்புக்கொண்டார். 7.5-6.5 என்ற கணக்கில், கேஸ்பரோவ் 22 வயதில் படைத்த சாதனையை முறியடித்து, மிக இளம் வயது உலக சாம்பியன் ஆனார் குகேஷ்.

கண்ணீர் வழிந்துகொண்டிருந்த அந்த நேரத்திலும் அவர் கைகள் ஒரு வேலையைச் செய்துகொண்டிருந்தன. பலகையில் காய்களை ஒவ்வொன்றாகப் பழைய இடத்தில் அடுக்கிவைத்தன, அடுத்த ஆட்டத்துக்குத் தயார் செய்வதுபோல!