எரிவாயு இயந்திரங்களும் அவற்றைக் கண்காணிக்கும் தொகுதிகளும்

ஜேர்மனியின் வட கரையில், போல்ரிக் கடலை அண்டியுள்ள கீல் நகரத்திற்கு நீண்டகாலமாக மின்சாரமும் வெப்பமும் வழங்கி வந்த நிலக்கரி மின்னிலையம் 2019 ஆம் ஆண்டு மூடப்பட்டது. அதன் பணியை 20 எரிவாயு இயந்திரங்களைக் கொண்ட புதிய நிலையமொன்று பொறுப்பேற்றது. ஒஸ்திரியாவின் யென்பாக் நகரில் தோன்றிய நிறுவனமொன்றின் தயாரிப்பான இவ்வியந்திரங்கள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 9.5 மெகாவோட் வீதம், மொத்தமாக 190 மெகாவோட் மின்சாரத்தைப் பிறப்பிக்க வல்லவை. நிறுத்தப்பட்ட நிலையிலிருந்து முழு வலுவை எட்டுவதற்கு இவற்றுக்கு ஐந்து நிமிடங்களுக்கும் குறைவான நேரமே தேவைப்படுகிறது. நிலக்கரி நிலையமொன்று இதே நிலையை அடைவதற்குப் பல மணி நேரம் எடுக்கும் என்பது குறிப்பிடத்தக்கது.

காற்று வீசும்போது காற்றாலைகளும், வெயில் எறிக்கும்போது சூரிய மின்தகடுகளும் மின்சாரம் தருகின்றன. காற்று ஓய்ந்து வெயில் மறைந்தால் அந்த இடைவெளியை விரைந்து நிரப்புவதற்கு வேறொரு மூலம் வேண்டும். உலகின் பல நாடுகள் பாரிய எரிவாயு இயந்திரங்களை நாடுவதற்கு இதுவே பிரதான காரணமாகும். ஆயினும், இத்தகைய இயந்திரத்தை மனிதக் கையினால் மாத்திரம் இயக்க முடியாது. அதன் உலோகப் பாகங்களுக்கு நிகராக, அதனைக் கண்காணித்துக் கட்டுப்படுத்தும் இலத்திரனியல் தொகுதியும் அதன் உயிர்நாடியாகும்.

இயந்திரங்களைத் தாமாகவே கட்டுப்படச் செய்யும் எண்ணம் புதியதன்று. ஜேம்ஸ் வாட் 1788 ஆம் ஆண்டிலேயே சுழலும் இரு குண்டுகளைக் கொண்ட வேகச் சீராக்கியை நீராவி இயந்திரத்தில் பொருத்தினார். 1860 இல் லெனுவார் எரிவாயு இயந்திரத்தை உருவாக்கினார். 1876 இல் நிக்கொலஸ் ஒட்டோ நான்கடிப்பு இயந்திரத்தை வெற்றிகரமாக இயக்கிக் காட்டினார். இன்றைய பாரிய எரிவாயு இயந்திரங்களும் ஒட்டோவின் தத்துவத்தையே பின்பற்றுகின்றன. அன்று ஓர் ஊழியர் காதால் கேட்டும் கையால் தொட்டும் அறிந்துகொண்டவற்றை இன்று நூற்றுக்கணக்கான உணரிகள் அளந்து சொல்கின்றன என்பதே வேறுபாடாகும்.

ஒடுங்கிய பாதை

கீல் நகரத்து இயந்திரம் ஒவ்வொன்றிலும் 20 உருளைகள் உள்ளன. அது நிமிடத்திற்கு 1,000 தடவைகள் சுழல்கிறது. நான்கடிப்பு இயந்திரத்தில் ஒவ்வோர் உருளையும் இரு சுழற்சிகளுக்கு ஒரு தடவை எரிபொருளை எரிக்கும். எனவே ஓர் இயந்திரத்தினுள் வினாடிக்கு 160 இற்கும் அதிகமான எரிதல்கள் நிகழ்கின்றன. சுழற்சித்தண்டு ஒரு பாகை திரும்புவதற்கு எடுக்கும் நேரம் வினாடியின் ஆறாயிரத்தில் ஒரு பங்கு மாத்திரமே. தீப்பொறி ஒரு சில பாகைகள் முந்தினாலும் பிந்தினாலும் விளைவு முற்றாக மாறிவிடும்.

நவீன எரிவாயு இயந்திரங்கள், எரிவாயு முழுமையாக எரிவதற்குத் தேவையான வளியைப் போல ஏறத்தாழ இரு மடங்கு வளியை உள்ளெடுக்கின்றன. மேலதிக வளி எரிதலின் வெப்பநிலையைக் குறைக்கிறது. அதனால் நச்சுத்தன்மை கொண்ட நைதரசன் ஒட்சைட்டுகள் உருவாவதும் குறைகிறது. எனினும் இங்கு ஒரு சிக்கல் உண்டு. வளியின் பங்கு குறைந்தால், தீச்சுவாலை சென்றடைவதற்கு முன்னரே கலவையின் ஒரு பகுதி தானாகத் தீப்பற்றி வெடிக்கும். பொறியியலாளர்கள் இதனைத் தட்டல் என்பர். கடுமையான தட்டல் குறுகிய நேரத்திலேயே ஆடுதண்டை உருக்கிச் சிதைக்கக் கூடியது. மாறாக, வளியின் பங்கு கூடினால் கலவை எரியாமலேயே வெளியேறும். இவ்விரண்டுக்கும் இடையிலான ஒடுங்கிய பாதையிலேயே இயந்திரம் ஓட வேண்டியிருக்கிறது. அதன் வலு அதிகரிக்க அதிகரிக்க அப்பாதை மேலும் ஒடுங்குகிறது.

எரியாமல் தப்பும் வாயுவினால் விளையும் தீங்கு எரிபொருள் விரயத்தோடு முடிந்துவிடுவதில்லை. இயற்கை எரிவாயுவின் பெரும்பகுதி மெதேன் ஆகும். 20 ஆண்டுக் காலப்பகுதியில் கணக்கிட்டால், அது காபனீரொட்சைட்டைவிட ஏறத்தாழ 80 மடங்கு அதிகமாகப் புவியை வெப்பமாக்குகிறது. மேலும், புகைக்குழாயினுள் தேங்கும் எரியாத வாயு பின்னர் தீப்பற்றினால் குழாயே வெடித்துப் பிளக்கலாம். இதனாலேயே இயந்திரத்தை இயக்க முன்னரும் நிறுத்திய பின்னரும் புகைக்குழாயினுள் வளியைச் செலுத்தித் துப்புரவாக்கும் ஒழுங்கு கட்டுப்பாட்டுத் தொகுதியில் சேர்க்கப்பட்டுள்ளது.

எரிவாயுவும் எப்போதும் ஒரே தன்மையுடையதன்று. தட்டலுக்கு ஈடுகொடுக்கும் ஆற்றலை மெதேன் எண்ணால் குறிப்பிடுவர். தூய மெதேனுக்கு இவ்வெண் 100, ஐதரசனுக்கு 0. ஈதேன், புரோபேன் போன்ற வாயுக்கள் கலக்குமிடத்து இவ்வெண் குறைகிறது. 2018 ஆம் ஆண்டிலிருந்து பங்களாதேஷ் செய்வதைப் போன்று திரவ எரிவாயுவைக் கப்பலில் இறக்குமதி செய்யும் நாடுகளில், ஒரு கப்பலின் வாயுவும் அடுத்த கப்பலின் வாயுவும் ஒரே இயல்பைக் கொண்டிருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. நேற்று நன்றாக ஓடிய இயந்திரம் இன்று தட்டத் தொடங்கலாம்.

தொகுதி எவ்வாறு செயற்படுகிறது?

ஒவ்வோர் உருளையிலும் அதிர்வை அல்லது அமுக்கத்தை அளக்கும் உணரி பொருத்தப்பட்டுள்ளது. ஓர் உருளையில் தட்டல் உணரப்பட்டதும், தொகுதி அவ்வுருளைக்குரிய தீப்பொறியைச் சற்றுப் பிந்தச் செய்கிறது. அது போதாதவிடத்து இயந்திரத்தின் சுமையைக் குறைக்கிறது. அதுவும் பலனளிக்காவிடின் வாயுவை மூடி இயந்திரத்தை நிறுத்துகிறது. புகை வெப்பநிலை ஓர் உருளையில் மாத்திரம் திடீரெனக் குறைந்தால், அங்கு எரிதல் தவறியுள்ளது என்று ஊகிக்கிறது. இவை யாவும் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் தலைநிமிர்ந்து திரையைப் பார்ப்பதற்கு முன்னரே நடந்து முடிந்துவிடுகின்றன.

இதனோடு, இயந்திரத்தை நாட்டின் மின்வலையமைப்புடன் இணைக்கும் பொறுப்பும் இத்தொகுதியையே சார்ந்தது. மின்பிறப்பாக்கியின் அழுத்தம், மீடிறன், அலையின் கட்டம் ஆகிய மூன்றும் வலையமைப்புடன் பொருந்திய தருணத்தில் மாத்திரமே ஆளி மூடப்பட வேண்டும். பொருந்தாத தருணத்தில் மூடப்பட்டால், வலையமைப்பின் முழுப் பலமும் இயந்திரத்தின் சுழற்சித்தண்டை முறுக்கும்.

கட்டுப்பாடு வேறு, பாதுகாப்பு வேறு என்பதும் கவனிக்கப்பட வேண்டும். எண்ணெய் அமுக்கம் வீழ்ச்சியடைதல், மிகைவேகம், மண்டபத்தினுள் வாயுக் கசிவு முதலியவற்றைக் கவனிக்கும் பாதுகாப்பு ஏற்பாடு, அன்றாடக் கட்டுப்பாட்டைச் சாராது தனித்து இயங்க வேண்டும். கட்டுப்படுத்தும் கணினியே பழுதடைந்தாலும் வாயு வாயில் மூடப்பட வேண்டுமல்லவா?

நாள்தோறும் சேமிக்கப்படும் தரவுகள் இன்னொரு வகையிலும் உதவுகின்றன. ஸ்பார்க் பிளக்கின் முனைகள் தேயத் தேயத் தீப்பொறி பாய்வதற்குத் தேவையான மின்னழுத்தம் படிப்படியாக உயரும். இவ்வுயர்வை வாரக்கணக்கில் அவதானித்து வருபவர், இயந்திரம் நின்றுபோவதற்கு முன்னரே அதனை மாற்றிவிடலாம்.

அளவுக்கு மிஞ்சிய எச்சரிக்கை

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது எச்சரிக்கை ஒலிகளுக்கும் பொருந்தும். 1994 ஆம் ஆண்டு ஜூலை 24 ஆம் திகதி பிரித்தானியாவின் மில்போர்ட் ஹேவன் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் பாரிய வெடிப்பு ஏற்பட்டது. அதற்கு முந்திய 11 நிமிடங்களில் 275 எச்சரிக்கைகள் ஒலித்தன. பணியிலிருந்த இருவர் அவற்றுள் எது உயிராபத்தானது, எது அற்பமானது என்று எவ்வாறு பிரித்தறிவர்? கட்டுப்பாட்டுத் தொகுதியை வடிவமைப்போர் மறக்கக்கூடாத பாடம் இதுவாகும். அடிக்கடி வீணாக ஒலிக்கும் எச்சரிக்கையை ஊழியர்கள் முதலில் புறக்கணிப்பர். பின்னர் துண்டித்தும் விடுவர்.

மற்றொரு அபாயம் வெளியிலிருந்து வருகிறது. இன்று பல நிறுவனங்கள் தாம் விற்பனை செய்த இயந்திரங்களைத் தமது நாட்டிலிருந்தே இணையம் வழியாகக் கண்காணிக்கின்றன. இதனால் விளையும் நன்மையை மறுப்பதற்கில்லை. ஆனால், நிபுணர் நுழையும் கதவினால் திருடனும் நுழையலாம். 2007 ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஐடஹோ தேசிய ஆய்வுகூடம் 2.25 மெகாவோட் டீசல் மின்பிறப்பாக்கி ஒன்றை வைத்து ஒரு பரிசோதனையை மேற்கொண்டது. வெளியிலிருந்து அனுப்பப்பட்ட கட்டளைகள் மூலம் ஆளி தவறான தருணங்களில் திறந்து மூடப்பட்டது. இயந்திரம் குலுங்கி, புகை கக்கி, சில நிமிடங்களில் பயனற்றுப் போனது. 2015 டிசம்பர் 23 ஆம் திகதி உக்ரேனில் மூன்று மின்விநியோக நிறுவனங்களின் கணினிகளுள் ஊடுருவியோர் ஏறத்தாழ 225,000 பாவனையாளர்களின் மின்சாரத்தைத் துண்டித்தனர். அங்கு ஊழியர்கள் உபநிலையங்களுக்கு நேரில் சென்று ஆளிகளைக் கையால் இயக்கியதாலேயே சில மணி நேரங்களில் மின்சாரம் மீண்டது. 2017 இல் சவூதி அரேபியாவின் பெற்றோலிய இரசாயன ஆலையொன்றில் பாதுகாப்புத் தொகுதியே தாக்குதலுக்கு இலக்கானது.

எமது நாடு

இலங்கையில் சுன்னாகத்திலுள்ள 24 மெகாவோட் உத்துரு ஜனனி நிலையம் உட்படப் பல நிலையங்கள் எண்ணெயில் இயங்கும் இயந்திரங்களைக் கொண்டே அமைக்கப்பட்டன. இயற்கை எரிவாயுவுக்கு மாறுவது பற்றி இங்கு நீண்டகாலமாகப் பேசப்பட்டு வருகிறது. 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை உபநிலையத்தில் ஏற்பட்ட கோளாறு, நாடு முழுவதையும் மின்சாரமின்றித் தவிக்கச் செய்தது. அது ஞாயிற்றுக்கிழமை, மின்தேவை குறைவாகவும் சூரிய மின்சாரத்தின் பங்கு அதிகமாகவும் இருந்த வேளை. அதிர்ச்சியைத் தாங்கத்தக்க சுழலும் இயந்திரங்கள் அப்போது வலையமைப்பில் போதியளவு இருக்கவில்லை. இத்தகைய அதிர்ச்சியின் முதல் வினாடிகளை ஏற்கெனவே சுழன்றுகொண்டிருக்கும் இயந்திரங்களும் மின்கலங்களுமே தாங்க வேண்டும். அதனை அடுத்துவரும் நிமிடங்களுக்கே விரைவாகத் தொடங்கும் எரிவாயு இயந்திரங்கள் கைகொடுக்கும். இந்த வேறுபாட்டை உணராது இயந்திரங்களை மாத்திரம் வாங்கிக் குவிப்பதால் பயனில்லை.

வாங்க முற்படும்போது விலையையும் மெகாவோட் அளவையும் மாத்திரம் பார்த்தல் தகாது. கட்டுப்பாட்டுத் தொகுதியின் அமைப்புகளை மாற்றும் அதிகாரம் எவரிடம் இருக்கும்? சேமிக்கப்படும் தரவுகள் எவருக்குச் சொந்தம்? வெளிநாட்டிலிருந்து தொகுதியுள் நுழைவதற்கு எவருடைய அனுமதி தேவை? ஒப்பந்தம் முடிவடைந்த பின்னர் கடவுச்சொல் எமது பொறியியலாளர்களிடம் கையளிக்கப்படுமா? இவ்வினாக்களுக்கான விடைகள் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும். இல்லையேல், இயந்திரம் எமது மண்ணில் நின்றாலும் அதன் கடிவாளம் பிறர் கையிலேயே இருக்கும்.

அதேபோன்று, இரவுப் பணியிலிருக்கும் இயக்குநர் திரையில் தோன்றும் எச்சரிக்கையின் பொருளைத் தமது தாய்மொழியில் விளங்கிக்கொள்ளத்தக்க பயிற்சி வழங்கப்பட வேண்டும். கணினி கைவிடும் வேளையில் கையால் இயக்கும் ஒத்திகை ஆண்டுதோறும் நடைபெற வேண்டும். உக்ரேன் ஊழியர்களுக்கு அன்று கைகொடுத்தது அந்தப் பழக்கமே. எமது மின்னிலையங்களிலும் அப்பழக்கம் இன்றே வேரூன்றுவது அவசியமாகும்.