வீணை மெருகின் சிறு பழுதுகளும் வீட்டுப் பொருள்களும்

நரம்புக் கருவிகளைப் பற்றித் தமிழில் எழுதப்படுபவை பெரும்பாலும் அவற்றின் வரலாற்றையும் இசையிலக்கணத்தையும் பேசுகின்றன. கருவியின் மேற்பூச்சாகிய மெருகு அவற்றுள் இடம்பெறுவது அரிது. ஆயினும், தஞ்சாவூரிலிருந்து வீணையை வரவழைத்து மலேசியாவில் வாசிப்பவருக்கு அது நடைமுறைச் சிக்கலாகும். குடத்தில் ஒரு கீறல் விழுந்தால், அதனைச் செய்த ஆசாரியிடம் காட்டக் கடல் கடக்க வேண்டும். எனவே கை, வீட்டிலுள்ள பொருள்களை நாடுகிறது. அவற்றுள் எவை துணைபுரியும், எவை கேடு விளைவிக்கும் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

முதலில் அறிய வேண்டுவது பொருளை அன்று, பூச்சை. தஞ்சாவூர் வீணை பலாமரத்தால் ஆனது. அதற்கு வழிவழியாக இடப்படுவது அரக்கு மெருகு. மரக்கிளைகளில் வாழும் ஒருவகைப் பூச்சி சுரக்கும் பிசினைத் தூய்மைப்படுத்தி, ஸ்பிரிட்டில் கரைத்து, துணிப்பொதியால் பலமுறை தேய்த்து ஏற்றுவர். காய்ந்த அரக்கு மீண்டும் ஸ்பிரிட் பட்டால் இளகிவிடும். இந்த ஒரு பண்பே பழுதுநீக்கத்திற்கு வழியும் ஆகிறது. கேட்டிற்கு வாயிலும் ஆகிறது. தொழிற்சாலைக் கித்தார்கள் பலவற்றில் உள்ள பாலியூரித்தேன் பூச்சோ ஸ்பிரிட்டுக்கு இளகாது. ஆகவே, குடத்தின் அடிப்புறம் போன்ற மறைவிடத்தில், பஞ்சுமுனையில் ஒரு சொட்டு ஸ்பிரிட் தொட்டு வைத்துப் பார்த்தல் வேண்டும். பிசுபிசுத்தால் அது அரக்கு எனக் கொள்ளலாம். இச்சோதனையின்றி எதையும் தொடுதல் தகாது என்பதே எம் கருத்து.

அரக்கில் மட்டும் விழுந்த மெல்லிய கீறலுக்கு ஸ்பிரிட்டே மருந்து. மென்மையான தூரிகையை அதில் நனைத்து, நன்றாக வடித்து, கீறலின்மேல் ஒருமுறை இழுத்துவிட்டால் விளிம்புகள் இளகித் தாமே கூடும். இரண்டாம் முறை உடனே தொட்டால் மெருகு கலைந்துவிடும். நம் நாட்டுத் தட்பவெப்பத்தையும் இங்குக் கருத வேண்டும். ஸ்பிரிட் ஆவியாகும்போது பரப்புக் குளிர்கிறது. ஈரக்காற்றிலுள்ள நீர் அதன்மேல் படிந்து வெண்படலமாகிறது. மழைநாளில் இவ்வேலையைத் தொடங்காமல், வெயிலடிக்கும் நண்பகலில் செய்வது நலம். 2020ஆம் ஆண்டுக்குப் பின் பல வீடுகளில் இடம்பிடித்த கைத்தூய்மித் திரவமும் பெரும்பாலும் ஆல்கஹாலே. அதனைப் பூசிய ஈரக்கையோடு வீணையை எடுத்தால் விரல் அடையாளம் அரக்கில் பதிந்துவிடும்.

கீறல் மரத்தைத் தொட்டிருந்தால் வெளிறிய கோடு தெரியும். அதற்கு நிறம் வேண்டும். கெட்டியான தேயிலைச் சாற்றை மெல்லிய தூரிகையால் தொட்டு வைத்து, காய்ந்தபின் அதன்மேல் அரக்கு இடலாம். பலர் தேங்காய் எண்ணெயைத் தடவுகின்றனர். வைணிகர் இடக்கை விரல்களில் எண்ணெய் தொட்டுக்கொள்வது வாசிப்புக்கு வேண்டியதே. ஆனால் அது மெருகுக்கு ஏற்றதன்று. தேங்காய் எண்ணெய் ஒருநாளும் உலராது. தூசியைப் பற்றிக்கொண்டே இருக்கும். மாறாக, நம் சமையலறைகளில் மலாய்க் குழம்புக்கென இருக்கும் புவா கெராஸ் பருப்பின் எண்ணெய், ஆளிவிதை எண்ணெயைப் போலவே காற்றில் உலரும் தன்மையது. பருப்பைப் பிளந்து கீறலின் வழியே தேய்த்து, சற்றுநேரம் கழித்துத் துடைத்துவிட்டால் கோடு மங்கும். மேனாட்டார் வால்நட்டுப் பருப்பைக் கொண்டு மரத்தளவாடங்களுக்குச் செய்வதும் இதுவே. எண்ணெய் உலராத இடத்தில் அரக்கு சரியாகப் பற்றாமல் போகலாம். ஆதலால் தேயிலையா பருப்பா என்பதை முன்னரே முடிவு செய்தல் வேண்டும்.

பற்பசை நுண்ணிய தேய்பொருள். பளபளப்பு மங்கிய கடினப் பூச்சில் சிறிதளவு பயன்படுத்தலாம். நகப்பூச்சு நீக்கியில் உள்ள அசிட்டோன், யாளி முகத்தையும் ஓரங்களையும் அழகுசெய்யும் நெகிழித் தகடுகளை இளக்கிவிடக் கூடும். மரத்தளவாடங்களுக்குத் தெளிக்கும் மெருகுத் திரவங்கள் சிலவற்றில் சிலிக்கோன் உண்டு. அன்று பளிச்சென்று தோன்றினாலும், பின்னாளில் ஆசாரி புதுமெருகு ஏற்றும்போது அது ஒட்டாமல் குழிகுழியாக விலகும். உடனொட்டும் பசையும் அவ்வாறே: கடினப் பூச்சில் பெயர்ந்த சில்லை நிரப்ப உதவும், அரக்கின்மேல் இட்டால் அரக்கைச் சிதைக்காமல் அதனை நீக்குவது கடினம்.

இவை யாவும் தோற்றத்தைச் சார்ந்தவை. மெட்டுகளை ஒட்டிய பகுதி அப்படியன்று. வீணையின் 24 மெட்டுகளும் கரிய மெழுகின்மேல் நிறுத்தப்பட்டவை. அவற்றின் இடமே சுரத்தின் இடம். எண்ணெயும் உலோகத்தூளும் சேர்ந்த அழுக்கை நீக்க மண்ணெண்ணெயோ டர்பென்டைனோ தொட்டால் மெழுகும் இளகும், மெட்டும் அசையும், சுரமும் பிசகும். அதனைச் சீர்செய்ய மெழுகிட்டு மெட்டமைக்கும் பழகிய கையும் செவியும் வேண்டும். அவ்விடத்திற்கு உலர்ந்த மென்துணியும், மயிர் தேய்ந்த பழைய பல்துலக்கியும் போதும்.