கிடா முக்கிக்கிட்டே நிக்குதா? மலச்சிக்கல்னு எண்ணெய் ஊத்தாதீங்க... மூத்திரக் கல்லா இருக்கலாம்!

காலையில் கொட்டகைக்குப் போனால் கிடா ஒரு மாதிரி நிற்கும். பின்னங்கால்களைப் பின்னால் நீட்டி முக்கும், வாலை ஆட்டிக்கொண்டே இருக்கும், தீனியைத் தொடாது. "வயிறு கட்டிக்கிச்சு போல" என்று விளக்கெண்ணெயை ஊற்றிவிட்டு நம் வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். ஓரிரு நாளில் வயிறு பெருத்து, படுத்த கிடா எழுந்திருக்காது.

பல நேரங்களில் அது மலச்சிக்கலே இல்லை. மூத்திரக் குழாயில் கல் அடைத்திருக்கும். வீட்டில் ஒன்றிரண்டு கிடா வளர்ப்பவர்கள், அதிலும் டெல்டாக்காரர்கள், இதைக் கட்டாயம் தெரிஞ்சு வைச்சுக்கணும். ஏன்னு பார்ப்போம்.

டெல்டாவுக்கும் இந்தக் கல்லுக்கும் என்ன சம்பந்தம்?

மயிலாடுதுறை மாவட்டம் குத்தாலத்தையே எடுத்துக்கொள்வோம் (அருவி கொட்டும் குற்றாலம் இல்லை, காவிரிக் கரையில் இருக்கும் குத்தாலம்). சுற்றிலும் நெல் வயல். அரிசி ஆலைத் தவிடு சுலபமாகக் கிடைக்கும். சாமிக்கு நேர்ந்துவிட்ட கிடா, பக்ரீத்துக்கு வளர்க்கிற கிடா என்றால் கவனிப்பு இன்னும் கூடும். சீக்கிரம் உடம்பு பிடிக்கட்டும் என்று தவிடு, அரிசிக் குருணை, மக்காச்சோளம் எனத் தாராளமாக வைப்போம்.

சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஆட்டின் தீனியில் பாஸ்பரஸ் ஒரு பங்கு என்றால் கால்சியம் சுமார் இரண்டு பங்கு இருக்க வேண்டும். தவிட்டில் இது தலைகீழ்: கால்சியத்தைவிட பாஸ்பரஸ் பத்து மடங்குக்கும் மேல். மிஞ்சுகிற பாஸ்பரஸ் மூத்திரத்தில் இறங்கி, மக்னீசியத்தோடும் அம்மோனியத்தோடும் சேர்ந்து மணல் மாதிரி படியும். அந்த மணல் திரண்டால் கல்.

அறுவடை முடிந்த வயலில் கிடை போட ராமநாதபுரம் பக்கத்திலிருந்து செம்மறிக் கூட்டம் வருமே, அவை நாளெல்லாம் நடந்து மேய்பவை. கட்டிப் போட்டு தவிட்டில் வளரும் செல்லக் கிடாவுக்குத்தான் ஆபத்து அதிகம். மழைக்காலத்தில் கொட்டகையிலேயே அடைந்து கிடந்து, தண்ணீரும் குறைவாகக் குடித்தால் மூத்திரம் கெட்டியாகி கல் சேர வழி ஆகிவிடும்.

பெட்டைக்கு வராதா?

கல் பெட்டை ஆட்டுக்கும் உருவாகலாம். ஆனால் அதன் குழாய் குட்டையாக, அகலமாக இருப்பதால் பெரும்பாலும் வெளியே வந்துவிடும். கிடாவுக்குக் குழாய் நீளம், ஒடுக்கம். நடுவில் 'எஸ்' எழுத்து மாதிரி ஒரு வளைவு, நுனியில் புழு போல நீளும் மெல்லிய வால். கல் அதிகம் சிக்குவது இந்த இரண்டு இடங்களில்தான்.

குட்டியிலேயே காயடித்த கிடாவுக்கு ஆபத்து இன்னும் கூடுதல். ஆண் ஹார்மோன் நின்றுபோவதால் அதன் குழாய் முழுதாக வளராமல் ஒடுங்கியே இருந்துவிடும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

* அடிக்கடி முக்கும். மூத்திரம் வராது, அல்லது சொட்டுச் சொட்டாக, ரத்தம் கலந்து வரும்.
* வலியில் கத்தும், பல்லைக் கடிக்கும், வயிற்றை உதைக்கும்.
* மூத்திரம் போகும் இடத்து முடியில் மணல் போலத் துகள் ஒட்டியிருக்கும்.
* ஆசனவாய்க்குக் கீழே தோலுக்கடியில் துடிப்பு தெரியலாம்.

சந்தேகம் இருந்தால் கிடாவைக் காய்ந்த தரையில் கட்டி, பக்கத்திலேயே இருந்து பாருங்கள். தரை நனைகிறதா என்பதுதான் கேள்வி. நனையாமல் முக்கிக்கொண்டே இருந்தால் உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். நாளைக்குப் பார்ப்போம் என்று விடக்கூடாது.

வாழைத்தண்டுச் சாறு கொடுக்கலாமா?

நம் ஊரில் மனுஷனுக்குக் கல் என்றால் முதலில் ஞாபகம் வருவது வாழைத்தண்டுதான். ஆனால் குழாய் முழுசா அடைத்திருக்கும்போது சாறோ தண்ணீரோ வலுக்கட்டாயமாக ஊற்றினால், அது போய்ச் சேர்வது ஏற்கெனவே நிரம்பி நிற்கும் மூத்திரப்பைக்குத்தான். பை வெடிக்கும் ஆபத்து கூடும். மூத்திரம் பிரியச் செய்யும் மருந்துகளையும் நாமாக வாங்கிப் போடக்கூடாது.

இன்னொன்றையும் கவனிக்கணும். முக்கிக்கொண்டிருந்த கிடா திடீரென்று அமைதியாகிவிட்டால் "சரியாயிடுச்சு" என்று நினைக்காதீர்கள். பை வெடித்ததால் வலி குறைந்திருக்கலாம். மூத்திரம் வயிற்றுக்குள் பரவி, அடுத்த ஓரிரு நாளில் உயிர் போகும்.

டாக்டர் என்ன செய்வார்?

முதலில் நுனி வாலைப் பார்ப்பார். கல் அங்கே என்றால் அந்த வாலை மட்டும் வெட்டிவிடுவார். அங்கேயே மூத்திரம் பீறிட்டு வரலாம். இதனால் இனவிருத்திக்குப் பொதுவாகப் பாதிப்பில்லை. கல் மேலே இருந்தால் ஸ்கேன் பார்த்து, பையில் குழாய் வைத்து மூத்திரத்தை வெளியேற்றுவார்கள். கல்லைக் கரைக்க அம்மோனியம் குளோரைடு கொடுப்பதும் உண்டு. அளவு தப்பினால் ஆபத்து என்பதால் அதை டாக்டர்தான் முடிவு செய்யணும்.

எல்லாக் கிடாவும் பிழைத்துவிடும் என்று சொல்ல முடியாது. பிழைத்தாலும், தீனியை மாற்றாவிட்டால் மறுபடி வரும். "கறிக்குக் கொடுத்துடலாமா?" என்று யோசிப்பவர்கள், ஊசி போடுவதற்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். மருந்து உடம்பில் இருக்கும்வரை அந்தக் கறியைச் சாப்பிடக்கூடாது.

வராமல் தடுக்க என்ன செய்யணும்?

* தவிடு, தானியத்தைக் குறையுங்கள். வயிறு நிறைய வேண்டியது புல்லாலும் தழையாலும்தான்.
* அகத்தி, சூபாபுல் தழை, உளுந்து, பயறு கொடி ஆகியவற்றில் கால்சியம் அதிகம். ஒன்றையே போடாமல் மாற்றி மாற்றிக் கொடுங்கள்.
* நல்ல தண்ணீர் எந்நேரமும் இருக்கட்டும். தீனியில் கொஞ்சம் உப்பு சேர்த்தால் தண்ணீர் அதிகம் குடிக்கும்.
* தாது உப்புக் கலவை வாங்கும்போது கிடாவுக்கு ஏற்றதா என்று டாக்டரிடம் கேளுங்கள்.
* காயடிப்பதாக இருந்தால் ஐந்தாறு மாத வயதுவரை பொறுங்கள். அதையும் டாக்டரை வைத்தே செய்யுங்கள்.

யாரை அழைப்பது?

பக்கத்து அரசு கால்நடை மருந்தகத்துக்குப் போகலாம், அல்லது கால்நடை ஆம்புலன்ஸ் சேவைக்கு 1962 என்ற எண்ணில் அழைக்கலாம். பெரிய ஆபரேஷன் தேவை என்று டாக்டர் சொன்னால், டெல்டாவிலேயே ஒரத்தநாட்டில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. குத்தாலத்திலிருந்து கும்பகோணம், தஞ்சாவூர் தாண்டிப் போகவேண்டிய தூரம். அதனால் வண்டி ஏற்றும் முன் அங்கே டாக்டர் இருக்கிறாரா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

போனில் மூன்று விஷயத்தை மறக்காமல் சொல்லுங்கள்: கடைசியாக எப்போது மூத்திரம் போனது, காயடித்த கிடாவா, தினமும் என்ன தீனி. டாக்டர் கேட்கப்போகும் முதல் கேள்விகளும் இவைதான்.