முழங்காலுக்குள் ஒரு கயிறு

சம்பா அறுத்து, வைக்கோல் போர் போட்டு, ஆற்றில் தண்ணீர் வடிந்துவிட்டால் டெல்டாவில் கபடிக்காலம். மன்னார்குடி, ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கம் சுவரெல்லாம் ‘மாபெரும் மின்னொளி கபடிப் போட்டி’ போஸ்டர்தான். அப்படியொரு ஊர்ப் போட்டியில் விழுந்திருந்தால் ஊரே சேர்ந்து அவனுக்குப் பணம் திரட்டியிருக்கும். எனக்கு மருமகன் முறையாகும் அந்தப் பையன் விழுந்தது கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில்.

ரெய்டு போனான். போனஸ் கோட்டைத் தாண்டிக் கால் வைத்துவிட்டுத் திரும்பினான். கார்னரில் நின்றவன் கணுக்காலைப் பிடித்தான். உடம்பு திரும்பியது, கால் திரும்பவில்லை. உள்ளே ஏதோ ‘டப்’பென்று அறுந்தது அவனுக்குக் கேட்டதாம். தூக்கி உட்காரவைத்தபோது, “மாமா, கால் என்னோடது இல்லாத மாதிரி இருக்கு” என்றான். பக்கத்தில் நின்ற பழைய ஆட்டக்காரர் ஒருவர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. “லிகமென்ட்டு” என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தார். தஞ்சாவூரில் எடுத்த எம்ஆர்ஐ ஸ்கேனும் அதையேதான் சொன்னது.

அறுந்தது ஏசிஎல் என்ற லிகமென்ட். தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் மூட்டுக்கு நடுவே குறுக்காகக் கட்டியிருக்கும் இரண்டு கயிறுகளில் முன்பக்கத்துக் கயிறு. நீளம் 3 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல், அகலம் சுமார் 1 சென்டிமீட்டர். இளவயதினரின் ஏசிஎல்லைச் சோதனைக்கூடத்தில் இழுத்துப் பார்த்திருக்கிறார்கள். அறுவதற்கு முன் ஏறக்குறைய 2,160 நியூட்டன் விசையைத் தாங்கியிருக்கிறது. நம் கணக்கில் சொன்னால், நெல் கொள்முதல் நிலையத்து 40 கிலோ சிப்பம் ஐந்தைத் தொங்கவிட்டாலும் அறாது. அப்பேர்ப்பட்ட கயிறு, பாதம் ஊன்றியிருக்க உடம்பு முறுகும்போது அறுந்துவிடுகிறது. ஹேண்ட்பால், கூடைப்பந்து ஆட்டங்களில் வீடியோவில் பதிவான காயங்களை ஆராய்ந்தவர்கள், கால் தரையைத் தொட்ட சுமார் 40 மில்லி நொடியில் அறுந்திருக்கலாம் என்று கணித்தார்கள். ஒன்றைப் பார்த்துச் சுதாரிக்க மனிதனுக்கு 150 மில்லி நொடிக்கு மேல் வேண்டும். எச்சரிக்கையாக ஆடியிருக்கலாமே என்று பிறகு சொல்வது சுலபம். எச்சரிக்கைக்கு அங்கே நேரமே இல்லை.

ஆச்சரியம் இனிமேல்தான். அறுந்த கயிறு பெரும்பாலும் தானாக ஒட்டாது. தொடையின் பின்பக்கத்திலிருந்து தசைநாண் ஒன்றை எடுத்து மடித்து, எலும்பில் துளை போட்டு, புதுக் கயிறாகக் கட்டுகிறார்கள். இடம் மாறிய அந்த நாணுக்கு ரத்த ஓட்டம் கிடையாது. முதல் சில வாரங்களில் அதிலிருக்கும் செல்கள் செத்துப்போகின்றன. சுற்றிலுமிருந்து புது ரத்தக்குழாய்கள் மெல்ல உள்ளே நுழைகின்றன, புதுச் செல்கள் குடியேறுகின்றன, பழைய நார்கள் கலைந்து புதிதாக அடுக்கப்படுகின்றன. நாற்றைப் பிடுங்கி நட்டவுடன் பயிர் மஞ்சளடித்து, வேர் பிடித்த பிறகு பச்சை கட்டுமே, அதைப்போல. வித்தியாசம் என்னவென்றால், பயிர் தன் நோவை நிறத்தில் காட்டும், முட்டி காட்டாது. வலியும் வீக்கமும் போய், பையன் “சரியாயிட்டு மாமா” என்று நடக்கத் தொடங்கும் இரண்டாவது, மூன்றாவது மாதத்தில்தான் அந்தக் கயிறு இருப்பதிலேயே பலவீனமாக இருக்கும். நார்வேயிலும் அமெரிக்காவிலும் சிகிச்சை பெற்ற ஆட்டக்காரர்களைத் தொடர்ந்து கவனித்து 2016-இல் வெளியான ஆய்வு ஒன்று, களத்துக்குத் திரும்புவதை 9 மாதம் வரை தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் மறுகாயம் ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது என்று கண்டது.

ஒன்பது மாதம் என்பது மூன்று வருடப் பட்டப்படிப்பில் கால் பங்கு. அவன் விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்தவன். கல்லூரியின் பெயர் இங்கே வேண்டாம். அடுத்த வருடக் கட்டணம் கட்டும் நாளில் அவன் அப்பாவிடம் அலுவலகத்தில் மரியாதையாகவே சொன்னார்கள்: “ஆடுற வரைக்கும்தாங்க சலுகை.”

அந்த வாக்கியத்தைக் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். ஆடினால் கட்டணமில்லை, ஆடாவிட்டால் கட்டணம் என்றால், அது உதவித்தொகையா, கூலியா?

உடம்பைக் கேட்டால் அதற்கு இந்த வித்தியாசமே தெரியாது. 30 நொடி ரெய்டில் ‘கபடி கபடி’ என்று பாடுவது முழுக்க வெளிமூச்சு. உள்ளே வரும் ஆக்சிஜன் போதாது. தசையில் தயாராக இருக்கும் ஏடிபி என்ற எரிபொருள் இரண்டு மூன்று நொடியில் தீரும். கிரியேட்டின் பாஸ்பேட் என்ற அவசரச் சேமிப்பு சுமார் பத்து நொடிவரை இழுக்கும். அதற்குப் பிறகு, தசையில் சேர்த்துவைத்த கிளைக்கோஜனை ஆக்சிஜன் இல்லாமலே உடைத்துத்தான் தப்பித்து வர வேண்டும். அந்தச் சேமிப்பை மறுபடி நிரப்பச் சோறுதான் வழி. கடும் பயிற்சியில் இருக்கும் 70 கிலோ ஆட்டக்காரனுக்கு, கிலோவுக்கு 6 கிராம் மாவுச்சத்து என்று வைத்தால் ஒரு நாளைக்கு 420 கிராம். முழுக்கச் சோற்றிலேயே ஈடுகட்டுவதானால் வடித்த சோறு ஒன்றரைக் கிலோ. நெல் விளையும் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. புரதம்தான் இடிக்கும். கிலோவுக்கு 1.6 கிராம் என்றால் 112 கிராம். ஒரு முட்டையில் இருப்பது சுமார் 6 கிராம். விடுதி மெஸ்ஸில் தட்டுக்கு ஒரு முட்டை வைத்துவிட்டு, விடியற்காலை ஐந்தரைக்கு விசில் ஊதினால் மீதிக் கணக்கை யார் நேர்செய்வது? தசை தன்னையே கொஞ்சம் கரைத்துக்கொள்ளும்.

உதவித்தொகையா, கூலியா என்ற இந்த வழக்கு அமெரிக்காவில் பழையது. 1955-இல் கொலராடோவில் ஃபோர்ட் லூயிஸ் கல்லூரிக்காக அமெரிக்கக் கால்பந்து ஆடிய ரே டென்னிசன் தலையில் அடிபட்டு இறந்தார். அவர் மனைவி தொழிலாளர் இழப்பீடு கேட்டார். கல்லூரி கால்பந்து வியாபாரம் செய்யவில்லை என்று 1957-இல் மாநில உச்ச நீதிமன்றம் கைவிரித்தது. ‘மாணவ விளையாட்டு வீரர்’ என்ற சொற்சேர்க்கையே இப்படிப்பட்ட இழப்பீட்டு வழக்குகளுக்குப் பயந்து உருவாக்கியதுதான் என்று, கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்சிஏஏவை 30 ஆண்டுகளுக்கு மேல் நடத்திய வால்டர் பையர்ஸே 1995-இல் தன் நினைவுக்குறிப்பில் எழுதினார். கூலி என்ற சொல்லைத் தள்ளிவைக்க ஒரு கௌரவப் பட்டம்! இன்று அங்கே நிலைமை வேறு. 2021 முதல் வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்கு விற்கலாம். 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி, ஒரு பல்கலைக்கழகம் ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டாலர்வரை வீரர்களுக்கு நேரடியாகக் கொடுக்கலாம். ஆனாலும் அவர்கள் ஊழியர்களா என்ற கேள்விக்கு இன்னும் முடிவான பதில் வரவில்லை.

நம் ஊரில் அந்தப் பணம் இல்லை. பல்கலைக்கழகக் கபடியை எந்த டிவியும் கோடி கொடுத்து வாங்குவதில்லை. அதனால் அமெரிக்கப் பங்கீட்டை அப்படியே இங்கே கேட்பது வெட்டிப்பேச்சு. ஆனால் ‘விளையாட்டு வீரர் ஊழியராக முடியாது’ என்று நாம் சொல்லவும் முடியாது. ரயில்வேயும் ராணுவமும் பல தலைமுறையாக ஆட்டக்காரர்களுக்கு வேலை போட்டுச் சம்பளம் கொடுத்து ஆடவைக்கின்றன. லால்குடிப் பக்கத்து ஆரோக்கிய ராஜீவ் ராணுவத்தில் இருந்தபடிதான் ஆசியப் பதக்கம் வரை ஓடினார். தமிழக அரசு வேலையில் வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் ஆசிய இளையோர் கபடித் தங்கம் வென்ற அணியில் இருந்த வடுவூர் அபினேஷ் மோகன்தாஸுக்கு அரசு 25 லட்சம் கொடுத்தது. ஒன்றிய அரசின் கேலோ இந்தியா திட்டத்தில் தேர்வானவர்களுக்கு மாதம் 10,000 ரூபாய் கைச்செலவுக்கு வருகிறது. வேலை, பரிசு, உதவித்தொகை எல்லாமே மேலே ஏறிவிட்டவர்களுக்கு. ஏறிக்கொண்டிருக்கும்போது கால் உடைந்தவனுக்கு என்ன?

சட்டம் படித்த நண்பரிடம் கேட்டேன். 1923-இன் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டப் பட்டியலில் டிராக்டர் கொண்டு செய்யும் விவசாய வேலைகூட இருந்தது என்றார். வயலில் கூலிக்கு டிராக்டர் ஓட்டுபவருக்குக் கால் போனால் முதலாளி பொறுப்பு. அதே ஊர்க் கல்லூரிக்காக ஆடுபவனுக்குக் கால் போனால் யாரும் பொறுப்பில்லை. தொழிலாளர் சட்டத்தின் பார்வையில் கல்வி நிறுவனமும் ‘தொழில்’தான் என்று 1978-இல் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பிறகு 1988-இல், அதில் வேலை பார்க்கும் ஆசிரியர் ‘தொழிலாளி’ அல்ல என்றும் அதே நீதிமன்றம் சொன்னது. சம்பளம் வாங்கும் வாத்தியாருக்கே இந்தக் கதி. பையனுக்கு அந்தக் கதவு எங்கே திறக்கப்போகிறது?

என் கருத்து இதுதான். கல்லூரி ஆட்டக்காரனுக்கு மாதச் சம்பளம் கட்டாயமில்லை. ஆனால் காயத்துக்கு முழுப் பொறுப்பு கட்டாயம்: அறுவைச் சிகிச்சை, பிசியோதெரபி, ஆடாத ஒன்பது மாதத்துக்கும் கட்டணச் சலுகை. ஊழியர் என்ற பெயரைக் கொடுக்காமலே ஊழியருக்குரிய இந்த ஒரு உரிமையைக் கொடுக்க முடியும். இது சில மாதச் செலவோடு முடிகிற காரியமும் அல்ல. ஏசிஎல் அறுந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு 10 முதல் 20 ஆண்டுகளுக்குள் மூட்டுத் தேய்மானம் வந்துவிடுகிறது. இருபதில் விழுந்தவனுக்கு நாற்பதுக்குள். கிணற்றடியில் குந்தி உட்காரவும் வரப்பிலிருந்து வயலில் இறங்கவும் அந்த முட்டிதான் வேண்டும்.

மேயில் பிளஸ் டூ முடிவு வந்ததும் விளையாட்டு ஒதுக்கீட்டுத் தேர்வுக்குப் பிள்ளையை அழைத்துக்கொண்டு போவீர்கள். ட்ரையல்ஸ் முடிந்து, சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் உடற்கல்வி இயக்குநரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: “சார், ஆட்டத்துல இவன் முட்டி போச்சுன்னா செலவு யாரு பார்ப்பாங்க, சீட்டு நிக்குமா?” பதிலை வாய்வார்த்தையாக விடாதீர்கள். எழுத்தில் வாங்குங்கள்.